ஒரு வாந்தி மேலே போன கதை

மாயாண்டி வாந்தி எடுத்தது ஒரே ஒரு முறை. பக்கத்திலேயே நின்று பார்த்தவள் அவன் மனைவி இருளாயி. அதனால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

ரப்பர் விலை ஏறியிருந்த 1925ஆம் ஆண்டு அது. ஈப்போ நகரத்துக்குத் தெற்கே புக்கிட் செராய் தோட்டத்தில், பால்மரங்களுக்கு நடுவே தானாகப் பழுத்து விழுந்து கிடந்த ஒரு பலாப்பழத்தை மாயாண்டி முந்தின நாள் வீட்டுக்குத் தூக்கிவந்தான்.

"பாதிய வச்சுட்டு நாளைக்குத் தின்னுய்யா" என்றாள் இருளாயி.

"நாளைக்கு எறும்பு திங்கும். அதுக்கு நானே தின்னுட்டுப் போறேன்."

மறுநாள் விடிகாலையில், ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், அவன் சாக்கடை ஓரமாகப் போய்க் குனிந்தான். சுளைகள் போன உருவத்திலேயே திரும்பி வந்தன. வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்பத்தான்டி வயிறு லேசா இருக்கு" என்றான். இருளாயி சிரித்துவிட்டுப் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு தன் மரங்களைப் பார்க்கப் போனாள்.

அந்த வாந்தி அங்கேயே கிடந்திருந்தால் கோழி கொத்தித் தீர்த்திருக்கும். ஆனால் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி ஐயாவு அதைப் பார்த்துவிட்டார். பார்த்ததை மேலே சொல்வது அவர் வேலை.

புக்கிட் செராய் தோட்டத்தில் ஒரு பழக்கம் இருந்தது. கீழேயிருந்து மேலே போகிற எந்தச் சங்கதியும் புறப்பட்ட அளவிலேயே போய்ச் சேரக் கூடாது. முன்பு ஒரு கங்காணி, மரக்கிளை ஒன்று ஒடிந்து விழுந்ததைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லப் போனாராம். தேநீர் குடித்துக்கொண்டிருந்த துரை, "ஒரு கிளைக்காகவா என்னைத் தொந்தரவு செய்கிறாய்?" என்று கோப்பையை விட்டெறிந்தார். அடுத்த கிளை ஒடிந்தபோது, கங்காணி அதை மரம் என்றார். ஆபீஸ் கிராணி ஒரு நிரை மரம் என்றார். துரை லண்டனுக்குப் புயல் என்று எழுதினார். லண்டனிலிருந்து அனுதாபம் வந்தது. அன்றிலிருந்து தோட்டம் இந்த முறையில்தான் நடந்தது. பெரியவர்களிடம் சின்ன விஷயத்தைக் கொண்டு போவது மரியாதைக் குறைவு என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. தோட்டத்து ஆட்கள் 'பெரிசு பண்றது' என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கதிரவேலு 'பெருப்பிக்கிறது' என்பார். துரையிடம் இதற்குச் சொல்லே கிடையாது. அவர் அதை நிர்வாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆகவே, மாயாண்டி வாந்திமேல் வாந்தியாக எடுக்கிறான் என்று கங்காணி கிராணியிடம் சொன்னார். வாந்தியும் பேதியும் கண்டு ஆள் சுருண்டுவிட்டான் என்று கிராணி துரையிடம் சொன்னார். துரை டெலிபோனைச் சுழற்றி, தோட்டத்தில் காலரா என்று ஈப்போ சுகாதார ஆபீஸுக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, தோட்டத்தின் நன்மைக்காகத் தாம் உயிரோடிருப்பது அவசியம் என்று கருதி, காரில் ஏறி ஈப்போ கிளப்புக்குப் போய்த் தங்கிக்கொண்டார்.

இருளாயி பால் நிறுக்கும் கொட்டகைக்கு வாளியோடு வந்தபோது, அவளுக்கு முன்னால் நின்றிருந்த பக்கத்து வீட்டு ராக்காயி சட்டென்று விலகினாள்.

"ஏன்டி ஒதுங்குற?"

"ஒண்ணுமில்லக்கா." ராக்காயி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஒங்க வீட்டுக்காரருக்குக் காலராவாமே."

இருளாயி வாய்விட்டுச் சிரித்தாள். கொட்டகையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. அவளைச் சுற்றி வட்டமாக இடம் காலியாகியிருந்தது. அவள் சிரிப்பு அந்த வெற்றிடத்தில் தனியாக ஒலித்து நின்றது. வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஆற்றோரம் பாழடைந்து கிடந்த பழைய புகைக் கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றடியில் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கோடு. துப்பாக்கியோடு ஒரு ஜாகா காவல் நின்றார். கயிற்றுக்கு இந்தப் பக்கம், நல்ல தூரத்தில், குடை பிடித்துக்கொண்டு தோட்டத்து டிரஸ்ஸர் சதாசிவம். மருந்துக்கும் கட்டுக்கும் அவர்தான் தோட்டத்தில் வைத்தியர்.

"இருளாயி!" கொட்டகையின் கம்பி ஜன்னலில் மாயாண்டியின் முகம் தெரிந்தது. "என்னை எதுக்குடி அடைச்சு வச்சிருக்காங்க? பசிக்குதுடி!"

"கேட்டியா?" என்றார் டிரஸ்ஸர், வருத்தத்தோடு. "ஜன்னி கண்டிருச்சு."

"பசிக்குதுன்னுதானேய்யா சொல்றாரு."

"காலரா கண்டவனுக்குப் பசிக்காதும்மா. பசிக்குதுன்னு சொன்னா அது ஜன்னி."

"பசிக்கலைன்னு சொன்னா?"

"அப்ப அது காலரா." அவர் குடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நாக்க நீட்டுன்னு சொன்னேன். நீட்டுனான். இங்கேருந்து எனக்குத் தெரியல. நாக்கு உள்ள இழுத்துக்கிச்சுன்னு எழுதியிருக்கேன்."

அன்று பிற்பகல் இருளாயி கங்காணி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஐயாவு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் பயந்து பின்வாங்காத ஒரே ஆள் அவர்தான். காலரா இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"அண்ணே, ஒரே ஒரு தடவண்ணே. பலாப்பழம். நீங்களும்தானே பாத்தீங்க."

"பாத்தேன்லா. யாரு இல்லேன்னா?"

"அப்ப அதக் கிராணிகிட்டச் சொல்லிருங்களேன்."

ஐயாவு வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்து நிதானமாக மென்றார். "இங்க பாரு. நான் போயி, ஒரு வாந்திதான்னு சொல்றேன்னு வை. அப்ப ஏன்யா பேதின்னு சொன்னன்னு கிராணியத் துரை கேப்பாரு. ஏன் காலரான்னு சொன்னன்னு துரைய ஈப்போவுல கேப்பாங்க. கடைசியா எல்லாருமாச் சேந்து கீழ பாப்பாங்க. கீழ யாரு நிக்கிறா? நான் நிக்கிறேன். எனக்கும் கீழ யாரு நிக்கிறா?"

ஐயாவு வெற்றிலைக் காம்பால் அவளைச் சுட்டினார்.

"நீ நிக்கிற" என்றார். "பெரிசு பண்ணிச் சொன்னதுக்கு இந்தத் தோட்டத்துல யாரையும் வேலைய விட்டு எடுத்ததில்ல. குறைச்சுச் சொன்னவன் ஒருத்தன் இருந்தான்."

"இப்ப எங்கண்ணே அவரு?"

"அதான் சொன்னேனே. இருந்தான்."

மறுநாள் காலை அவள் ஆபீஸ் வராந்தாவின் படிக்குக் கீழே நின்றாள். உள்ளே பனையோலை விசிறியால் விசிறியபடி உட்கார்ந்திருந்த கதிரவேலு அவளை நெடுநேரம் நிற்க வைத்தார். காக்க வைப்பதும் ஒருவகைப் பெருப்பித்தல்தான். அதன் பிறகு சொல்லப்படுகிற எதற்கும் கனம் கூடிவிடும்.

"ஐயா, அவருக்குக் காலரா இல்லீங்கய்யா. பொய்யாச் சொல்லியிருக்காங்க."

விசிறி நின்றது. "பொய்யோ?" கதிரவேலு உண்மையிலேயே புண்பட்டுப் போனார். எழுந்து வராந்தாவுக்கு வந்தார். "இஞ்ச பார் பிள்ளை. பொய் வேறை, பெருப்பிக்கிறது வேறை. இல்லாததைச் சொன்னால் பொய். இருக்கிறதுக்கு ஒரு மரியாதை குடுத்துச் சொன்னால் அது பெருப்பிக்கிறது. உன்ரை புருசன் சத்தி எடுத்தவனோ, இல்லையோ?"

"வாந்திதானுங்களே? எடுத்தாருங்க. ஒரு தடவ."

"ஆ! அப்ப அடிப்படை இருக்கு. அடிப்படை இல்லாமல் இந்த ஆபீஸிலை ஒரு சொல்லும் எழுதுறேல்லை. என்ரை பேனையிலை பொய் வராது." அவர் குரலில் ஒரு பிரசங்கத்தின் சுகம் ஏறிவிட்டிருந்தது. "இதைப் பாவிக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு, கண்டியோ. கங்காணி கொஞ்சம் பெருப்பிக்கலாம். நான் நல்லாப் பெருப்பிக்கலாம், அது என்ரை உத்தியோகம். துரை பெருப்பிக்கத் தேவையில்லை, அவர் வாயாலை வந்தாலே பெரிசு. நீ மட்டும் பெருப்பிக்கக் கூடாது. கூலி பெருப்பிச்சால் அதுக்குப் பேர் புளுகு."

இருளாயி அதை யோசித்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "சின்னதாக்கிச் சொல்றதுக்கு யாருங்கய்யா இருக்காங்க?"

கதிரவேலு விசிறியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். தூரத்து மலையைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வியை அவர் பணிக்காலத்தில் யாரும் கேட்டதில்லை.

"அதுக்கு ஆள் இல்லை" என்றார் கடைசியில். "இந்த நாட்டிலை அந்த உத்தியோகம் இன்னும் உண்டாக்கேல்லை."

"அவருக்குச் சோறாவது குடுக்கலாங்களா?"

"சோறு குடுத்து, அவன் சாப்பிட்டுப் போட்டால்? ரிப்போர்ட்டுக்கு விரோதம்."

அவள் வீட்டுக்குப் போய் மரவள்ளிக்கிழங்கை அவித்து இலையில் மடித்துக்கொண்டு ஆற்றோரத்துக்குப் போனாள். ஜாகா அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஆற்றில் ஏதோ போவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருளாயி இலைப் பொட்டலத்தை ஜன்னலை நோக்கி வீசினாள். பொட்டலம் பாதி வழியில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் விழுந்து அவிழ்ந்தது. மாயாண்டி கம்பிக்கு வெளியே கையை நீட்டினான். எட்டவில்லை. ஆட்களின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து வந்த நாய் ஒன்று கயிற்றுக்கடியில் புகுந்து, கம்பிக்குப் பின்னாலிருந்து அவன் கத்தக் கத்த, கிழங்கைத் தின்றது.

குடைக்குக் கீழிருந்து டிரஸ்ஸர் இதைக் கவனித்தார். "தொற்று வெளியே வந்திருச்சு!" என்று கூவினார். "ஜாகா! சுடு!"

அந்த வெடிச்சத்தம் லயம்வரை கேட்டது. வீடுகளில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நாய் காலை நீட்டிக் கிடந்தது. இருளாயி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரமும் இது யாரோ செய்த தவறு, யாராவது ஒருவரிடம் சொன்னால் சரியாகிவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இப்போது அந்த நினைப்பு போய்விட்டது. ஜன்னலிலிருந்த மாயாண்டியும் பேச்சை நிறுத்தியிருந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று கிராணி ஈப்போவுக்கு அனுப்பிய செய்தியில், தோட்டத்தில் ஒரு சாவு விழுந்துவிட்டது என்று இருந்தது. விழுந்தது நாய் என்பது சிறிய விவரமாகையால் சேர்க்கப்படவில்லை.

ஈப்போவிலிருந்து உடனே பதில் வந்தது. சுகாதாரத் துரையே நேரில் வருகிறார். நாளை மத்தியானம், அடக்கம் தம் முன்னிலையில் நடக்க வேண்டும்.

புகைக் கொட்டகைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். வெட்டியவர்கள் ஜன்னல் பக்கம் பார்க்காமல் வெட்டினார்கள். மாயாண்டி அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் தலை நிமிரவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டு முடிந்ததும் இருளாயி டிரஸ்ஸரின் மருந்தறைக்குப் போனாள். காலில் விழுந்து பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். கதவு சாத்தியிருந்தது. உள்ளே மூன்று பேர் பேசுவது பலகைச் சுவர் வழியே கேட்டது.

"ஆளு கல்லு மாதிரி இருக்கான்யா" என்றது கங்காணியின் குரல். "ராத்திரி பூரா கத்தியிருக்கான். சாகறவன் இப்படிக் கத்துவானா? துரை வந்தா என்னத்தக் காட்டறது?"

"அதுதான் பிரச்சனை" என்றது கிராணியின் குரல். "ரிப்போர்ட் முன்னுக்குப் போயிட்டுது. ஆள் பின்னுக்கு நிக்கிறான்."

கல்லுரலில் எதையோ இடிக்கும் சத்தம். பிறகு டிரஸ்ஸர்: "நேர்வாளக் கொட்டை. வெறும் வயித்துல இவ்வளவு போச்சுன்னா, பேதி நிக்காது. மத்தியானம்வரை தாங்கமாட்டான்."

உரல் சத்தம் வேகமெடுத்தது.

"பாவம்லா" என்றார் கங்காணி.

"என்ன பாவம்?" கிராணியின் குரல் உயர்ந்தது. "இஞ்ச ஒருத்தரும் ஒருத்தரையும் கொல்லேல்லை. அவன்ரை நிலைமையை ரிப்போர்ட்டுக்குக் கிட்டக் கொண்டு போறம். அவ்வளவுதான். வடிவாய் இடியுங்கோ, டிரஸ்ஸர்."

இருளாயி சுவரிலிருந்து காதை எடுத்தாள். கதவைத் தட்டவில்லை. ஓசைப்படாமல் படியிறங்கினாள். லயத்துக்குப் பின்னாலிருந்த வாழைத் தோப்புக்குள் போய் நின்றாள். சொன்னதைக் குறைக்க இந்தத் தோட்டத்தில் ஆள் இல்லை. இருக்கிற எல்லாரும் ஏற்றுகிறவர்கள். ஏறி ஏறி அது இப்போது ஒரு பிணம் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பிணத்தைக் கொடுத்துவிட்டால் அது போய்விடுமா?

வீட்டுக்குள் ஓடிப் பாராங்கத்தியை எடுத்துவந்தாள். குலை தள்ளி ஓய்ந்த ஒரு வாழையைத் தேர்ந்தெடுத்தாள். மாயாண்டியின் உயரத்துக்கு அளந்து வெட்டினாள். இருவரும் படுக்கும் கோரைப்பாயை விரித்து, மரத்தை அதில் உருட்டி, அவன் வேட்டியைப் போர்த்தி, கயிற்றால் கட்டினாள். நீர் ஊறிய வாழைமரம் ஆளைவிடக் கனம். தலையில் ஏற்றிக்கொண்டு லயத்துக்கு நடுவே நடந்தாள். கதவிடுக்குகளில் கண்கள் தெரிந்தன. ராக்காயி மட்டும் வெளியே வந்தாள். பாயின் முனையில் கசிந்து சொட்டும் வாழை நீரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்து மறுமுனையைத் தாங்கிக்கொண்டாள்.

அவர்கள் ஆற்றோரம் போய்ச் சேர்ந்தபோது சுகாதாரத் துரையின் கார், சொன்ன நேரத்துக்கு முன்பே, மரங்களுக்கிடையில் வந்துகொண்டிருந்தது. டிரஸ்ஸர் கையில் கண்ணாடிக் குவளையோடு கயிற்றைத் தாண்டிக் கொட்டகைப் படியில் ஒரு காலை வைத்திருந்தார். கங்காணி கதவைத் திறக்கக் கையை நீட்டியிருந்தார்.

இருளாயி பாயைக் குழியருகே இறக்கினாள். அதன்மேல் விழுந்தாள்.

"என்னை ஆண்ட ராசாவே! கப்பலேறிக் கூட்டியாந்து என்னைக் கைவிட்டுப் போனியே!"

எல்லாம் அப்படியே நின்றது. டிரஸ்ஸரின் கால் படியிலேயே நின்றது. காரிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெகு தூரத்திலேயே நின்றுவிட்டார். கங்காணி பாயைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், மறுபடி பாயைப் பார்த்தார். கதிரவேலுவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

அப்போது ஜன்னலிலிருந்து மாயாண்டி கத்தினான்: "ஏன்டி! நான் இங்கதான்டி இருக்கேன்! எவனுக்குடி அழுவுற?"

இருளாயி இன்னும் உரக்க அழுதாள். சுகாதாரத் துரை ஆங்கிலத்தில் கிராணியைக் கேட்டார், யார் அங்கே கத்துவது என்று.

டிரஸ்ஸர் குவளையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஜாகா துப்பாக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார். கதிரவேலு ஒரே ஒரு கணம்தான் எடுத்துக்கொண்டார்.

"அது எங்கள் வழக்கம், சேர்" என்றார் ஆங்கிலத்தில். "இறந்தவர் பேசுவதுபோல ஒருவர் மறைவில் நின்று மனைவியோடு பேசுவார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும். மிகப் பழமையான வழக்கம்."

"பசிக்குதுடி! கதவத் திறக்கச் சொல்லுடி!"

"என்ன சொல்கிறார்?"

"சொர்க்கத்தின் கதவு திறக்கட்டும் என்கிறார், சேர்."

துரை தொப்பியை எடுத்தார். அவர் கண்கள் சற்றுக் கலங்கின. கிளப்பில் சொல்வதற்கு ஏற்ற விஷயம் அது. பிறகு, பிணத்தைக் குழியில் இறக்கலாம் என்று கையசைத்தார். யாரும் நகரவில்லை. லயத்து ஆட்கள் தூரத்தில் மரங்களோடு மரமாக நின்றார்கள். கங்காணி தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஆள் வரட்டும்" என்றார் துரை, கொட்டகையைக் காட்டி. "இங்கே பயப்படாத ஆள் அவன் ஒருவன்தான்."

கதவு திறந்தது. மாயாண்டி வெளியே வந்தான். பட்டினியில் கால் பின்னியது. வெயிலில் கண் கூசியது. கங்காணி ஒரு மண்வெட்டியை அவன் காலடியில் வீசினார். அவன் வந்து மனைவியின் பக்கத்தில் குனிந்து, பாயின் ஒரு முனையைப் பிடித்தான்.

"உள்ள யாருடி?" என்றான் மெதுவாக.

"நீதான்யா. பேசாம மண்ணத் தள்ளு."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பாயைக் குழிக்குள் உருட்டினான். மண்ணைத் தள்ளினான். அவன் வேட்டியின் கரை மண்ணுக்கடியில் போய் மறைகிறவரை இருளாயி பார்த்திருந்தாள். நடிப்புக்காகத் தொடங்கிய அழுகை அவள் கையை விட்டு எப்போதோ போய்விட்டது. நிறுத்த நினைத்தாள், முடியவில்லை.

குழி மூடியதும் சுகாதாரத் துரை பேசினார். கிராணி தமிழில் சொன்னார்.

"மேன்மை தங்கிய துரை சொல்லுகிறார்: இந்த மாவட்டத்திலை இதைவிடப் பெரிய நோய் ஒருக்காலும் வந்ததில்லை. ஆனபடியால் இதைவிடப் பெரிய வெற்றியும் ஒருக்காலும் வந்ததில்லை. நோய் எவ்வளவு பெரிதோ, அவ்வளவுக்கு அதை அடக்கின உத்தியோகத்தர்களும் பெரியவர்கள். இனிமேலும் இப்படிப் பெரிய நோய்கள் வரும், அப்போதும் நாங்கள் வெல்லுவோம் என்று துரை நம்புகிறார்."

மரங்களுக்கிடையில் யாரோ கை தட்டினார்கள். துரை மாயாண்டியைக் கூப்பிட்டு, சுண்ணாம்புக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தி, பேர் கேட்டார்.

"மா..." என்று ஆரம்பித்தான்.

"ராஜு, சேர்" என்றார் கதிரவேலு.

ராஜுவின் தைரியத்தைத் தாம் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகத் துரை சொன்னார். கார் புறப்பட்டது. அதன் சத்தம் மறைகிறவரை யாரும் அசையவில்லை.

முதலில் டிரஸ்ஸர் அசைந்தார். குவளையை ஆற்றில் கவிழ்த்தார். கரையோரத்தில் சில மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

கங்காணி மாயாண்டியின் அருகே வந்தார். "செத்தவன் தோட்டத்துல நடமாடக் கூடாதுலா. எவனாவது பாத்து மேல சொன்னா என்ன ஆவும்? இப்பவே கிளம்பு. ஒன் பேரு இனிமே பெரட்டுல கிடையாது. ஒன்னைத் தேடிட்டு யாரும் வரமாட்டாங்க."

மாயாண்டி இருளாயியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ எங்க போற?" என்றார் கங்காணி.

"அவரோடதான்."

"ஒன் பேரு பெரட்டுலயும் என் கடன் கணக்குலயும் இருக்குல்ல? நீ உசிரோட இருக்க. நாளைக்குப் பெரட்டுக்கு வரணும். ஓடுனியோ, ஈப்போ புந்தோங்குல எந்தச் சந்துல இருந்தாலும் போலீஸ் புடிச்சாந்துரும். செத்தவனுக்குத்தான் விடுதலை."

ஜாகா கயிற்றைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாயாண்டியின் கை மண்வெட்டிப் பிடியில் இறுகியது. இருளாயி அவன் கைமேல் தன் கையை வைத்தாள். அவள் பார்த்தது கங்காணியை அல்ல. அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த கதிரவேலுவை. அவர் மூடிய குழியை ஏதோ குறைகிறது என்கிற பார்வையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இருளாயி அவர் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"ஐயா. மேல ஒரு சாவுதானுங்களே போயிருக்கு?"

"ஓம். ஒண்டு."

"அந்தத் தொரை இவ்வளவு பெரிய நோய்ன்னு சொல்லிட்டுப் போறாரு. அதுக்கு ஒத்தச் சாவுங்களா?"

கதிரவேலு அவளைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். அதன் பக்கத்தில் கிடந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அவர் உதடுகள் மெல்ல அசைந்தன. "புருசனைப் புதைச்ச அதே நாள்... பெண்சாதியும்... குழிக்கரையிலேயே..." அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

"கிராணியாரே!" என்றார் கங்காணி. "நல்ல பால் வெட்டற கை அது!"

"சும்மா இரும் ஐயாவு." கதிரவேலு எழுதத் தொடங்கிவிட்டார். எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், இடது கையால் இருவரையும் போகச் சொல்லி விரட்டினார்.

அவர்கள் திரும்பி நடந்தார்கள். பெரிய ரோட்டுக்குப் போகும் செம்மண் பாதை மரங்களுக்கிடையில் வளைந்து போனது. மாயாண்டி வேகமாக நடக்கப் பார்த்தான். இருளாயி அவன் கையைப் பிடித்து இழுத்து மெதுவாக்கினாள். முதுகில் எல்லாருடைய பார்வையும் பட்டுக்கொண்டிருந்தது. யாராவது ஒருவர் மனம் மாறி ஒரு சொல் சொன்னால் போதும்.

ஒரு குரல் கேட்டது. ஆனால் அது அவர்களைக் கூப்பிடவில்லை. அது ராக்காயியின் குரல், கிராணியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கத்தைவிடப் பணிவாகக் கேட்டது.

"ஐயா... இன்னும் எத்தனை பேரு சாகலாங்க?"

கதிரவேலு என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. லயத்துப் பக்கம் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. பல காலடிகள் ஆற்றோரத்தை நோக்கி வந்தன. "வரிசையில நில்லுங்கலா!" என்று கங்காணி கத்தினார்.

இருளாயி திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு வரைக்கும் இருவரும் மெல்ல நடந்தார்கள். வளைவைத் தாண்டியதும் ஓடினார்கள்.